ஆளுக்கு ஒரு ஊசி

என் மகளை வகுப்பு லீடராகப் போட்டார்கள். அன்று சாயங்காலம் பையைக் கழற்றும்போதே, "பேசினவங்க பேரெல்லாம் போர்டுல எழுதிட்டேம்பா" என்றாள் பெருமையாக.

"அது சரி. வேற இன்னா செஞ்ச?"

"லீடர்னா வேற இன்னா செய்யணும்?"

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்காகத்தான் பிள்ளைகளே, இந்தப் புத்தகத்தை எழுத உட்கார்ந்தேன். நாலு பேரை நடத்திக்கொண்டு போகிறவர் இரக்கத்தோடு இருப்பது எப்படி, ஒருவரையும் வெளியே நிறுத்தாமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது எப்படி என்று உங்கள் வயதுக்குச் சொல்லும் சின்னப் புத்தகம். என் முதல் புத்தகம்.

எழுத உட்கார்ந்த முதல் நாளே, முன்பு என்னோடு ஒரு கம்பெனியில் வேலை செய்த ஓர் அக்கா வந்துவிட்டார். நேரில் வரவில்லை. ஆனால் 'தலைவர்' என்று நான் எழுதுகிற இடத்தில் எல்லாம் அவர் வந்து நின்றார். 'இரக்கம்' என்று எழுதினால் என் காதுக்குப் பக்கத்தில் மூச்சுக் காற்று படுவதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் ஒருவர் பெயரை அச்சில் போடக்கூடாது. கேட்கலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை.

பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவே ஒரு சந்துக்குள், குழந்தைகளுக்குச் சட்டையும் கவுனும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று இருந்தது. நான் அங்கே துணி தேய்க்கும் மேஜையில் நின்றேன். எனக்கு எதிரே தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையை லைன் என்பார்கள். முதல் ஆள் தோளைத் தைத்துத் தள்ளுவார். அடுத்தவர் கையை வைப்பார். அதற்கடுத்தவர் கழுத்துப் பட்டி. நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் இருக்கிற எல்லோரும் சும்மா உட்கார வேண்டியதுதான். அந்த லைனுக்கு லீடர் இந்த அக்கா.

மற்ற லைன் லீடர்களுக்குத் தொண்டைதான் வேலை செய்யும். அத்தனை மெஷின் சத்தத்தில் கத்தினால்தானே கேட்கும். "இன்னாமா, உன் மாமியாருக்கா தைக்கிற, இவ்ளோ ஆசையா?" என்று ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கத்துவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். திட்டு வாங்கியவளுக்கு மட்டும் முகம் கறுத்துப் போகும்.

அக்கா கத்தியே நான் கேட்டதில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பார். வருவது தெரியாது. குனிந்து காதோடு பேசுவார். "கண்ணு, இந்தக் கை கொஞ்சம் சுருங்குது பாரு" என்று சொல்லிவிட்டு, முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். அவர் என்ன சொன்னார் என்று பக்கத்து மெஷின்காரிக்குக்கூடத் தெரியாது. திட்டு என்றாலும் காதோடுதான். பாராட்டு என்றாலும் காதோடுதான்.

அதனால் அந்த லைனில் இருந்த ஒவ்வொருத்தியும், அக்காவுக்கு நான்தான் ரொம்ப வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கல்யாணமே அப்படி நடந்ததுதான். என் மனைவி அப்போது கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தேய்க்கும் மேஜைப் பக்கம் வந்த அக்கா என் காதில், "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு, தம்பி. சும்மா சொல்லி வெச்சேன். யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றார். நான் பல மாதம் அந்த ரகசியத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். கல்யாணமான பிறகுதான் தெரிந்தது, அதே நாளில் அவள் காதிலும், "அந்த அயர்ன் பையன் நல்ல மாதிரி. யார்கிட்டயும் சொல்லிக்காத" என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

தேவி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கடற்கரையோரம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். விடியலில் அம்மாவுக்கு மீன் கூடை தூக்கிக் கொடுத்துவிட்டு, குளித்துத் தலையில் பூவும் வைத்துக்கொண்டுதான் வருவாள். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் தள்ளி உட்காருவார்கள். இரண்டாம் நாள் அக்கா தன் தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தார். "இன்னா கொழம்பு?" என்றார். "நெத்திலிக் கருவாடுக்கா." "எனக்கு ஒரு கரண்டி ஊத்து. இத்த வெச்சிகினு தனியா துன்னா உனுக்கு வயிறு வலிக்கும்." அடுத்த வாரம் தேவியைச் சுற்றி நாலு டப்பா திறந்திருந்தது.

பிள்ளைகளே, ஒருவரைச் சேர்த்துக்கொள்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கரண்டிக் குழம்பைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் செய்வார். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் டோக்கன் வாங்கிக்கொண்டு போகவேண்டும். போனால் லைன் நின்றுவிடும், மேலே இருந்து திட்டு வரும். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். அக்கா முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். "எழுந்து போ கண்ணு" என்று காதில் சொல்லிவிட்டு, அவள் நாற்காலியில் தானே உட்கார்ந்து தைப்பார். அவள் திரும்பி வரும்வரைக்கும் லைன் ஓடும். ஆள் மாறியதே யாருக்கும் தெரியாது.

இப்போது ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குழந்தைத் துணி தைக்கும் இடத்தில் ஊசி உடைந்தால் அது சின்ன விஷயம் இல்லை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடிப் பொறுக்கி, ஒரு ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுக்கவேண்டும். அவர் துண்டுகளைச் சேர்த்துவைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பார். முழுசாக ஆனால்தான் புது ஊசி தருவார். முனை கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்வரை எந்தத் துணியும் நகரக்கூடாது. நல்ல சட்டம்தான். ஒரு குழந்தையின் கழுத்துக்காகப் போட்ட சட்டம். ஆனால் அந்த ஜன்னல்காரரிடம் ஒரு மைக் இருந்தது. "லைனை நிறுத்தின மகராசி பேரு இன்னா?" என்று மைக்கில் கேட்பார். பெயரையும் மைக்கிலேயே சொல்ல வைப்பார். புதுப் பெண்கள் அங்கே போய் நின்றாலே அழுதுவிடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் மேனேஜர் எங்கள் எல்லோரையும் மெஷினை நிறுத்தச் சொன்னார். மெஷின் சத்தம் நின்றதும் அந்தக் கூடம் எனக்கு வேறு இடம்போல இருந்தது. அவர் கையில் ஒரு வெள்ளைச் சட்டை. பிறந்த குழந்தைக்குப் போடுவது, என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கழுத்துப் பட்டிக்கும் தோளுக்கும் நடுவிலிருந்த தையலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஊசி முனை.

"வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வந்துகீது" என்றார். "யாருன்னு சொல்லிடுங்க. ஒருத்தர் போனாப் போதும். சொல்லலைன்னா இந்த லைனே நாளைக்கு வரவேணாம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நான்தான் சார்" என்றார் அக்கா.

"நீ லீடர். நீ எங்க தைச்ச?"

"இவங்க எழுந்து போவறப்போ எல்லாம் நான்தான் தைச்சேன். எந்த மெஷின்ல வேணா உக்காந்திருக்கேன். கேட்டுப் பாருங்க."

அது உண்மை. மேனேஜருக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு லைனின் ஓரமாக நடந்து போனார். எந்தக் காதுக்கும் குனியவில்லை. வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்புப் போட்டு அவர் நடக்கும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

அந்தச் சட்டையை ஏதாவது குழந்தை போட்டிருந்ததா, குத்தியதா, அதற்கு முன்பே சோதனையில் பிடித்துவிட்டார்களா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியும் இடம் மாறிப் போய்விட்டது.

இந்த நிகழ்ச்சியைத்தான் நான் புத்தகத்தில் முதல் அத்தியாயமாக வைக்க நினைத்தேன். தன் ஆட்களைக் காப்பாற்றத் தான் செய்யாத தப்பை ஏற்றுக்கொண்ட தலைவர். அழகாக எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சமையலறையில் இருந்த மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். "இத்தப் போடாதீங்க" என்றாள்.

"ஏன்? நல்லா இல்லையா?"

"நல்லாதான் கீது. போடாதீங்க."

மறுநாள் மகளுக்குப் பிறந்தநாள் கவுன் ஒன்று கடையிலிருந்து வாங்கி வந்தோம். என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. மகளுக்கு எந்தப் புதுத்துணி வந்தாலும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, தையல் ஓடுகிற வழி முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். கழுத்துப் பக்கம் இரண்டு தடவை. அதற்குப் பிறகுதான் போட்டுவிடுவாள். தையல்காரி அல்லவா, தையல் தரமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அன்று கவுனை மடியில் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள்.

"அது என் ஊசிங்க."

"அந்தச் சட்டைல இருந்த முனையா?" என்றேன்.

"அக்கா எனக்கு ஒரு ஊசி குடுத்திருந்தாங்க. வெள்ளிக்கிழமை சந்தைல வாங்கினது. 'உடைஞ்சா அந்த ஜன்னல்ல போய் நிக்காத கண்ணு, இத்த மாட்டிக்கோ. உனுக்கு மட்டும்தான் குடுக்குறேன், யார்கிட்டயும் சொல்லாத'ன்னாங்க. ரவிக்கை மடிப்புல குத்தி வெச்சிருந்தேன். அந்த மாசம் ஒரு ஊசி உடைஞ்சது. துண்டெல்லாம் பொறுக்கிக் காயிதத்துல சுத்திப் போட்டுட்டேன். முனை இருந்துதுன்னுதான் நெனைச்சேன். சேத்துவெச்சுப் பாக்கல. பயம். கழுத்துப் பட்டி தைச்சவ நான்தானே."

"அக்கா எழுந்தப்போ நீ..."

"வாய் வரலைங்க. இன்னிக்கும் வரல. அவங்க எனக்காகப் போனாங்க."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. விரல் மட்டும் கவுனின் கழுத்தில் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எழுத்தும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அவள் அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. எங்கே போய்த் தேடுவது? அப்போதுதான் தேவி ஞாபகத்துக்கு வந்தாள்.

தேவி இப்போது சேலையூர் கேம்ப் ரோட்டில் சேலைக்கு ஓரம் அடிக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறாள். நானும் மனைவியும் வண்டியில் போனோம். எங்களைப் பார்த்ததும், "இன்னாண்ணா, அயர்ன் பொட்டியக் காணோம்" என்று சிரித்தாள். டீ வரவழைத்தாள். புத்தகம் எழுதுகிறேன் என்றதும், "பத்தாவதுல கணக்குல கோட்டை விட்டவர்தானே நீங்க, புக்கு எழுதினா பாஸ் பண்ணிடுவாங்களா?" என்றாள். அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவங்க எங்க கீறாங்கன்னு தெரியுமா தேவி?"

"தெரியும்ணா. திருநீர்மலை போற வழியில ஒரு வூட்ல இருந்தாங்க. தெரு வரைக்கும் ரெண்டு வாட்டி போனேன். வாசல் ஏற முடியல, திரும்பி வந்துட்டேன்."

"ஏன்?"

அவள் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். "அந்தச் சட்டைல இருந்தது என் ஊசிக்கா. நான் தோள் தைச்சவ. அந்த மாசம் என்னுது உடைஞ்சது. அக்கா ஒண்ணு குடுத்து வெச்சிருந்தாங்க, அத்த மாட்டிக்கினேன். முனைய ரொம்பத் தேடல."

என் மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "உனுக்கும் குடுத்தாங்களா?"

"உனுக்குமா?"

"எனக்கு மட்டும்தான்னு சொன்னாங்க."

"என்கிட்டயும் அப்படித்தான்க்கா சொன்னாங்க."

பிறகு தேவி போனை எடுத்தாள். கை தைத்தவளைக் கூப்பிட்டாள். பொத்தான் வைத்தவளைக் கூப்பிட்டாள். முதலில் எல்லோரும், "அத்த எதுக்கு இப்போ கிளர்ற?" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "உனுக்கு யார் சொன்னது?" என்றார்கள். அதன் பிறகு பேச்சு ஒரே மாதிரிதான் இருந்தது. அக்கா கொடுத்த ஊசியை மாட்டத் தேவையே வராமல், கடைசிவரை ரவிக்கை மடிப்பிலேயே வைத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் உடைந்து மாற்றிய ஒவ்வொருத்தியும், இத்தனை வருஷமும், அந்த முனை தன்னுடையது என்றுதான் நினைத்திருந்தாள். அக்கா தனக்காக மட்டும்தான் வேலையை விட்டுப் போனார் என்றும் நினைத்திருந்தாள். அடுத்தவளிடம் சொல்லவில்லை. அடுத்தவளைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தாள். நல்ல ஒற்றுமையான லைன் அது. அக்கா போன பிறகு ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூட நாங்கள் சேரவில்லை. வேலை, தூரம் என்று நான் காரணம் நினைத்திருந்தேன்.

யாருடைய ஊசி என்பது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அன்று அக்கா மேனேஜரிடம் சொன்னது பொய் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. நான் தியாகம் என்று எழுதி வைத்திருந்தேன். எல்லோருக்கும் ஊசி கொடுத்தவர் அவர்தானே, உள்ளதைத்தான் சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களுக்கு நான் என்ன சொல்லவேண்டும் என்று பல நாள் யோசித்தேன். அக்காவின் இரக்கம் பொய் இரக்கம் இல்லை. அழுகிற பெண்ணைப் பார்க்கப் பொறுக்காத மனசு அது. அந்த மனசு உங்களுக்கும் வேண்டும். ஆனால் அந்த ஜன்னலைப் பார்த்து எல்லோருமே பயந்தோம் என்பது அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். எங்களுக்குள் தெரியாது. ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் கோழை என்று நினைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் அக்கா எழுந்து நின்று, "உங்களுக்கெல்லாம் அந்த மைக்குன்னா பயமா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டிருந்தால் எத்தனை கை உயர்ந்திருக்கும். எல்லோருமாகப் போய் அந்த மைக்கை எடுக்கச் சொல்லிக் கேட்டிருப்போம். கேட்டிருப்போமா? மேனேஜர் எடுத்திருப்பாரா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி உங்களுக்கு எழுதமாட்டேன். அக்கா பயத்தை எடுக்கவில்லை, பயத்துக்கு ஆளுக்கொரு ஊசி கொடுத்தார். அதனால் தேடாமல் விட்ட ஒரு முனை எங்கேயோ ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்துவரைக்கும் போனது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அந்தத் திருநீர்மலைத் தெருவுக்குப் போனோம். இந்தத் தடவை தேவி முதலில் வாசல் ஏறினாள். அக்கா இருந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தார்.

"அந்தக்காவா? காலி பண்ணிக்கினு தங்கச்சி ஊருக்குப் போய்ட்டாங்களே. போன் போட்டாப் போவ மாட்டேங்குது. எப்பனா மலைக்குச் சாமி கும்பிட வந்தா இங்க எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. நீங்க யாரு?"

"அவங்க கூட வேலை செஞ்சவங்க" என்றாள் என் மனைவி. "இங்க இருக்கறப்போ தைச்சாங்களா?"

"தைச்சாங்களே. ரவிக்கை, நைட்டி, இந்தத் தெருவுக்கே அவங்கதான். கொழந்தைங்க துணி மட்டும் தொடமாட்டாங்க. இது பொறந்தப்போ ஒரே ஒரு சட்டை தைச்சுக் குடுங்கக்கானு அவ்ளோ கெஞ்சினேன். கடைல வாங்கிக்கோன்னு துட்டு குடுத்தாங்களே தவிர, தைக்கல. இன்னா வேண்டுதலோ."

குழந்தை எங்களைப் பார்த்து ஏதோ சொன்னது. தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாம் என்று நான் வண்டிச் சாவியை எடுத்தேன். என் மனைவி நகரவில்லை.

"அவங்க வந்தா ஒண்ணு சொல்றீங்களா? எங்க வூட்டுப் பசங்களுக்கெல்லாம் துணி தைக்கணும், அவங்கதான் தைக்கணும்னு."

"ஒத்துக்க மாட்டாங்கம்மா. நான்தான் சொல்றேனே."

"நாங்க யாரோ ஒருத்தர் கேட்டோம்னு சொல்லாதீங்க" என்றாள் என் மனைவி. "லைன்ல இருந்தவங்க எல்லாரும் பேசிக்கிட்டோம், எல்லாருமாச் சேந்துதான் கேக்கறோம்னு சொல்லுங்க."